ரெண்டு காலும் தரையில படட்டும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்களில் அந்தக் கண்டக்டர் அளவுக்கு ஏச்சு வாங்கிய மனிதர் வேறு யாரும் இருக்க முடியாது. அதில் பாதி என் வாயிலிருந்து போனது. அதற்காக நான் ஒன்றும் வருத்தப்படவில்லை. அவரும் லேசுப்பட்ட ஆளில்லை, ஒன்று கொடுத்தால் இரண்டாகத் திருப்பிக் கொடுத்தவர்தான். வருடக்கணக்கில் ஒரே வண்டியில் போய்வந்தும் பெயர் கேட்கத் தோன்றியதில்லை. நான் வேலை பார்ப்பது பேண்டேஜ் துணி மடித்து பாக்கெட் போடுகிற கம்பெனியில் என்பதால் அவருக்கு நான் 'பேண்டேஜ் கம்பெனி'. எனக்கு அவர் 'அண்ணே'. கோபம் வந்தால் 'கண்டக்டரே'.

மீசைக்கு மட்டும் சாயம் அடிப்பார், தலைக்கு அடிக்க மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "மீசைதான தாயி முன்னாடி போகுது" என்றார். அப்படிப்பட்ட ஆள்.

எங்கள் பக்கத்தில் பஸ் நிற்பது என்பது ஒரு பேச்சுக்குத்தான். டிரைவர் பிரேக்கை மிதிப்பது மாதிரி மிதிப்பார், சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும். வண்டி போகிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு காலை ஊன்றி, கூடவே நாலெட்டு ஓடித்தான் நிற்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பேரன் எடுத்தவர் வரை எல்லாருக்கும் கைவந்த வித்தை. ஒரு கையில் சேலைக் கொசுவம், ஒரு கையில் சாப்பாட்டுப் பை என்று நான் இறங்குகிற அழகைப் பார்த்திருக்க வேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், பெருமைதான்.

அவருடைய வண்டியில் இந்த வித்தை செல்லாது. வத்திராயிருப்பில் புறப்பட்டு, கிருஷ்ணன்கோவில் வழியாக எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, ராஜபாளையம் போய்ச் சேருகிற தனியார் வண்டி அது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வண்டி கல் மாதிரி நிற்க வேண்டும். நின்ற பிறகுதான் படியின் குறுக்கே வைத்த கையை எடுப்பார். இறங்குகிறவர்களுடைய முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். "ரெண்டு காலும் தரையில படட்டும், ரெண்டு காலும் படட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். வீட்டில் தெலுங்கு பேசுகிற அம்மாக்கள் என்றால் "மெல்லகா திகண்டி, மெல்லகா" என்று, மெல்ல இறங்கச் சொல்லி அவர்கள் பாஷையிலேயே ராகம் போடுவார். கடைசி ஆளின் கடைசிக் கால் மண்ணைத் தொட்ட பிறகுதான் விசில். அதற்குள் வண்டிக்குள்ளே ஆளாளுக்கு அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தது போலத் துடிப்போம்.

"ஏண்ணே, பஸ் ஓட்டுறீகளா, பல்லக்கு தூக்குறீகளா? எனக்குக் கம்பெனிக் கேட்டைச் சாத்திருவாங்க!" என்று ஒருநாள் கத்தினேன்.

"லேட்டாப் போனா ஒங்க மேனேஜர் ஏசுவாரு. ஏசிட்டு விட்ருவாரு. கணுக்கால் மடங்குச்சுன்னா அது ஆயுசுக்கும் ஏசிக்கிட்டே இருக்கும், பாத்துக்க."

"எனக்கெல்லாம் மடங்காது."

"எனக்கும் மடங்காதுன்னுதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு டிக்கெட் போடப் போய்விட்டார்.

மடவார்வளாகம் ஸ்டாப்பில் ஒருநாள் நடந்ததைச் சொன்னால் இப்போதும் எங்கள் கம்பெனியில் சிரிக்கிறார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர், வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே இவர் கைக்கு அடியில் நுழைந்து குதித்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை, வேட்டிகூடக் கலையவில்லை. இவர் ஒரே விசில், வண்டி நின்றது. தலையை வெளியே நீட்டி, "ஐயா, இங்க வாங்க" என்றார்.

"என்னய்யா? டிக்கெட் வாங்கிட்டனே!"

"வாங்கிட்டீக. எறங்கத்தான் செய்யல. குதிச்சிருக்கீக. ஏறி, எறங்கிட்டுப் போங்க."

"ஏய், ஆள் யாருன்னு தெரியுமா?"

"ஆள் யாருன்னு தெரியாது. கால் மனுசக் கால்தான?"

வண்டி நகரவில்லை. டிரைவர் ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து கத்தியது அந்தப் பெரிய மனிதரைப் பார்த்து: "ஏறித் தொலைங்கய்யா, நேரமாகுதுல்ல!" அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்து வந்து, படியில் ஏறி, திரும்பி, ஒரு கால், அடுத்த கால் என்று இறங்கினார். "வெளங்க மாட்டடா நீ" என்று சாபமும் கொடுத்தார். இவர் "நல்லது, போய்ட்டு வாங்க" என்று விசிலை ஊதினார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இந்த ஆளுக்கு எதுவோ கழன்றிருக்கிறது என்று நினைத்தேன்.

நினைப்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. டிக்கெட் கொடுத்து முடித்து ஓய்ந்த நேரத்தில், சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். சீட்டுகளுக்கு நடுவில் இடது காலை மடக்கித் தூக்கிக்கொண்டு வலது காலில் மட்டும் நிற்பார். கம்பிக்குப் பக்கத்தில் கை இருக்கும், ஆனால் பிடிக்காது. வண்டி குலுங்கக் குலுங்க அந்த ஒற்றைக் கால் மட்டும் வெடவெடவென்று ஆடும், விழ மாட்டார். காலேஜ் பையன்கள் 'கொக்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருத்தன் அதே மாதிரி நின்று காட்டப் போய் மீன்கூடைக்காரம்மா மடியில் விழுந்து, அந்தம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"சிரிங்கலே, நல்லாச் சிரிங்க. நிக்கிறது எம்புட்டுப் பாடுன்னு விழுந்தவனுக்குத்தான் தெரியும்" என்றார் கண்டக்டர், காலை இறக்காமலே.

கதையை நான் கேட்டது ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில். சாயங்கால டிரிப்புக்கு நேரம் இருந்தது. அவர் அங்கிருந்த ஒரு தூணுக்கு முன்னால் நின்று, குதிகாலைத் தரையைவிட்டு எடுக்காமல் முழங்காலை மட்டும் முன்னால் தள்ளித் தூணைத் தொடப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது முழங்கால் சுளுவாகத் தொட்டது. வலது பாதிவழியில் நின்றுவிட்டது. பேன்ட்டை ஏற்றி விட்டிருந்ததால் கணுக்கால் தெரிந்தது. இடது பக்கம் எலும்பு முண்டு முண்டாக இருக்க, வலது பக்கம் பூரித்துப்போய் எலும்பே தெரியவில்லை.

"என்னண்ணே, தூணுக்கு மண்டி போடுறீக?"

"சாமி இங்கதான் தாயி இருக்காரு" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு அவராகவே சொன்னார்.

வாலிபத்தில் அவரைப் போல ஓடுகிற வண்டியில் ஏறி இறங்குகிற கண்டக்டர் இந்த ரூட்டிலேயே கிடையாதாம். முன்படியில் குதித்து, நின்றபடி நாலு வார்த்தை பேசி, பின்படி வரும்போது ஏறிக்கொள்வாராம். "பொம்பளப் பிள்ளைக பார்க்கணும்னே செய்யுறது. பார்க்கத்தான் செஞ்சாக. விழுந்ததையும் பார்த்தாக." ஒரு ஸ்டாப்பில் ஜல்லிக்கல்லில் கால் வைத்தபோது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. வெளிப்பக்கம் பொசுக்கென்று வீங்கியது. சுளுக்கு எடுக்கிறவர் நல்லெண்ணெய் போட்டு நீவி, சொடக்கு எடுத்து, இழுத்துக் கட்டிவிட்டார். வீக்கம் வடியும் முன்னாலேயே இவர் வண்டியில் ஏறிவிட்டார்.

"நடக்க முடிஞ்சா சரியாப் போச்சுன்னு நெனச்சோம் தாயி. எல்லாருந்தான் நெனைக்காக. சுளுக்குதான, அதுக்கு யாராச்சும் லீவு போடுவானா? ஆனைக்கும் அடி சறுக்கும்னு எங்கப்பா சொன்னாரு. சறுக்குன ஆனை பொறவு பார்த்துக் கால் வைக்கும். நான் எண்ணெயத் தடவிட்டு ஓடுனேன்."

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி மடங்கியது. பிறகு படியில். பிறகு சந்தையில். கடைசியில் தங்கை வீட்டுக் கல்யாணத்தில், சிமெண்டுத் தரையில், ஒரு கல்கூட இல்லாத இடத்தில், சாம்பார் வாளியோடு. "நான் வச்ச கால்தான். ஆனா வச்சது எனக்கே தெரியல. கால் எங்க இருக்குன்னு தலைக்குச் சேதியே போகல." குத்தவைக்க முடியாது, குதிகால் மேலே எழும்பிவிடும். இறக்கத்தில் நேராக நடக்க முடியாது, நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான். வருடம் தவறாமல் சதுரகிரி மலை ஏறினவர், ஏறிவிடலாம், இறங்குவது எப்படி என்று அதையும் விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற ஒரு பெண்தான் விவரம் சொன்னதாம். வெளிப்பக்க ஜவ்வு ஒருதடவை கிழிந்து தளர்ந்துவிட்டது, தளர்ந்ததைச் சரியாகத் தேற்றாமல் திரும்பத் திரும்ப மடக்கி இன்னும் தளர்த்திவிட்டீர்கள், ஒரு பக்கம் மூட்டு லொடலொடவென்று ஆடுகிறது, இன்னொரு பக்கம் மடங்க வேண்டிய அளவுக்கு மடங்காமல் இறுகிக் கிடக்கிறது. சுற்றியிருக்கிற சதைக்குப் பலம் ஏற்ற வேண்டும், ஒற்றைக் காலில் நின்று காலுக்கு மறுபடி நிதானம் சொல்லிக் கொடுக்க வேண்டும், மாதக்கணக்கில். "வீட்டுல ஏது நேரம்? அதான் வண்டியில நிக்கேன். ஆடாத தரையில நிக்கிறதவிட ஆடுற வண்டியில நின்னாச் சீக்கிரம் படிக்கும்னு நானா நெனச்சிக்கிட்டேன். அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சா வையும்."

"எங்க கம்பெனிப் பேண்டேஜ் நல்லா இறுக்கமா இருக்கும்ணே. கொண்டுவாரேன், சுத்திக்கிட்டு வேலையப் பாருங்க."

"மொத வாரம் கட்டலாம் தாயி, வீக்கம் அடங்கும். வருசம் பூராக் கட்டிக்கிட்டே திரிஞ்சா, காலு, 'நமக்குத்தான் துணி இருக்கே'ன்னு படுத்துக்கிடும்."

எனக்குச் சுருக்கென்றது. நாள் பூரா நின்று மடிக்கிற துணியை ஒருத்தர் அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? "அப்ப ஒத்தக் கால்லயே நில்லுங்க" என்று எழுந்து போய்விட்டேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. டிக்கெட்டுக்குச் சில்லறையை நீட்டுவேன், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

அந்த வாரத்தில்தான் அவர் விழுந்தார். குறுக்கே நாய் ஓடியது, டிரைவர் பிரேக் அடித்தார், அவருடைய வலது கால் என் கண் முன்னாலேயே துணி மடிகிற மாதிரி மடங்கியது. டிக்கெட் மெஷின் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நான்தான் கையைப் பிடித்துத் தூக்கினேன். முகம் வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். யாரோ சேதியை பஸ் முதலாளியிடம் சேர்த்துவிட்டார்கள். இன்னொரு தடவை வண்டிக்குள் விழுந்தால் ஷெட்டில் உட்கார்ந்து டயர் காவல் காக்க வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லி அனுப்பினாராம்.

"ஒக்காந்த வேலைதானண்ணே, நல்லதுதான" என்று ஆறுதலாகத்தான் சொன்னேன்.

திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "படியில நிக்கிறவந்தான் கண்டக்டர். ஒக்கார வச்சா நான் வெறும் காக்கிச்சட்டை" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்தப் படி அவருக்குச் சோறு மட்டுமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு அவர் செய்த வீம்பு கொஞ்சநஞ்சமில்லை. வீக்கம் வடிகிற வரைக்கும் பிசியோ பெண் சொன்னபடி வீட்டில் கிடந்தார், இந்தத் தடவை ஓடி வரவில்லை. திரும்பி வந்ததும் முதலில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பிறகு இரண்டு விரல். பிறகு விரலும் இல்லை. குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவார். நான் அவரைப் பார்க்காதது மாதிரி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் மட்டுமா? மீன்கூடைக்காரம்மா பார்ப்பார், கொக்கு என்று கேலி செய்த பையன்கள்கூடப் பார்த்தார்கள். வளைவு வந்தால் டிரைவர், "ஏய், திருப்பம் வருதுப்பா" என்று முன்கூட்டியே குரல் கொடுப்பார். சண்டை போட்டுக்கொண்டே திரிந்த அதே டிரைவர்தான்.

கண்மாய்க் கரைத் திருப்பத்தில் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். வண்டி சாய்ந்தது, நிமிர்ந்தது. கால் வெடவெடத்தது, மடங்கவில்லை. "அண்ணே, கெட்டிக்காரர்ணே நீங்க!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணைத் திறந்து மீசையை ஒரு தடவு தடவிக்கொண்டார். முழங்கால் தூணைத் தொட இன்னும் விரற்கடை பாக்கி இருந்தது. "அது வராது போல தாயி. வராட்டிப் போகுது. இருக்கிறத வச்சு நிப்போம்."

கால் நின்றுவிட்டது. படி அவருக்குத்தான் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அதே ரூட்டில், எங்களுக்குச் செத்த நேரம் பின்னாலேயே புறப்படுகிற மாதிரி, புதிதாக இன்னொரு கம்பெனிக்காரன் வண்டி விடுவான் என்று யார் கண்டது?

புது வண்டி நிற்கவே நிற்காது. உருண்டுகொண்டே ஆளை அள்ளும், உருண்டுகொண்டே ஆளை உதிர்க்கும். எங்கள் வண்டி ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கும்பிடு போட்டுக் கிளம்புவதற்குள் அது முந்திக்கொண்டு போய் அடுத்த ஸ்டாப் கூட்டத்தை வாரிக்கொள்ளும். ஒரு காலையில் எங்கள் வண்டி முதலாளியே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறினார். முன்சீட்டில் உட்காராமல் பின்படிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

ஊரைத் தாண்டி ஒரு மில் ஸ்டாப். ஷிப்டுக்குப் போகிற பெண்கள் இறங்க எழுந்தார்கள். பின்னால் புது வண்டியின் ஹாரன் கேட்டது. டிரைவர் கண்ணாடியில் முதலாளியைப் பார்த்தார், வண்டி மெதுவாக உருண்டது. கண்டக்டர் படியின் குறுக்கே கையை வைத்து ஒற்றை விசில் ஊதினார். வண்டி நின்றது. பெண்கள் ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். புது வண்டி எங்களைத் தாண்டிப் பறந்தது.

"ஏன்யா, ஸ்லோ பண்ணா எறங்க மாட்டாங்களா? எறங்கித்தான பழகியிருக்காங்க?" என்றார் முதலாளி.

"எறங்குவாக மொதலாளி. இன்னைக்கு எறங்குவாக, நாளைக்கும் எறங்குவாக. ஒருநாள் மடங்கும். பொறவு மடங்குறதே பழக்கமாப் போயிரும். நானே சாட்சி."

"வண்டி ஒன்னோடதா, என்னோடதா?"

"வண்டி ஒங்களோடது. கால் அவுகளோடது."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் என்றால் எந்த முதலாளிதான் பொறுப்பார்? "நீ வண்டிய எடுய்யா!" என்று டிரைவரிடம் கத்தினார். வண்டி கிளம்பியது. "பையையும் மெஷினையும் குடு. குடுத்துட்டு எறங்கு. ஷெட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அவர் கெஞ்சவில்லை. பையைக் கழற்றிக் கொடுத்தார், மெஷினைக் கொடுத்தார். படியில் போய் நின்றார். வண்டி உருண்டுகொண்டிருந்தது.

"எறங்குன்னேன்ல!"

"வண்டி நிக்கட்டும்."

"என்னடா திமிரா?"

"நிக்கட்டும் மொதலாளி. நான் ஓடுற வண்டியில எறங்கறதில்ல."

விசில் இல்லை, உத்தரவு இல்லை. டிரைவர் தானாகவே பிரேக்கை முழுசாக மிதித்தார். இறுகப் பிடித்து நின்றது வண்டி. கண்டக்டர் இடது காலை வைத்தார், வலது காலை வைத்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆங்காரம். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். "நானும் எறங்கணும்."

"ஒனக்குப் பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்புல்லம்மா?" என்றார், நான் டிக்கெட் வாங்கும்போது பக்கத்தில் நின்று கேட்டிருந்த முதலாளி.

"எனக்கு எங்க வேணுமோ அங்க எறங்குவேன். நீங்க என் டிக்கெட்டுக்குத்தான் மொதலாளி" என்று சொல்லி, பெருமையடித்துக்கொள்கிற என் வித்தையை எல்லாம் விட்டுவிட்டு, படியைப் பிடித்து மெல்ல இறங்கினேன். வண்டி போய்விட்டது. வெயிலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம்.

"ஒனக்கு ஏன் தாயி இந்த வேலை? கேட்டைச் சாத்திருவாங்களே" என்றார்.

"சாத்தட்டும்."

கொஞ்ச நேரத்தில் வேறொரு பஸ் வந்தது. கையைக் காட்டினேன். வேகம் குறைந்தது, நிற்கவில்லை. "ஓடியா, ஓடியா, ஏறு" என்று அதன் கண்டக்டர் பஸ் தகரத்தைத் தட்டினார். பழக்க தோஷம், நான் இரண்டு எட்டு ஓடிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் இவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். வேலை போன அன்றைக்குக்கூட ஓடமாட்டேன் என்று நிற்கிறார். நான் ஓட்டத்தை நிறுத்தினேன். பஸ் போனது. அடுத்ததும் அப்படியே போனது.

மூன்றாவது வண்டி தூரத்தில் வரும்போதே நான் நடுரோட்டுக்குப் போய்விட்டேன். சாப்பாட்டுப் பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டி மறித்து நின்றேன். ஹாரன் காதைக் கிழித்தது. நான் அசையவில்லை. என் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் வந்து வண்டி குலுங்கி நின்றது. "சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா, கிறுக்கி!" என்று டிரைவர் தலையை நீட்டி ஏசினார். உள்ளேயிருந்தும் ஆளாளுக்கு ஏசினார்கள்.

"ஏறுங்கண்ணே, மெல்ல ஏறுங்க" என்றேன். அவர் அந்த வீங்கின காலை அவசரப்படாமல் படியில் வைத்து, அடுத்த காலையும் வைத்து, உள்ளே போய்க் கம்பியைப் பிடிக்கிற வரைக்கும் நான் ரோட்டை விட்டு நகரவில்லை.